மைக்ரோகன்ட்ரோலர் கற்க நல்ல பாடங்களைத் தேடுவது எப்படி? தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

குமுளி ஏறி வண்டன்மேட்டுப் பக்கம் போனால் தோட்டத்துக்குத் தோட்டம் ஏலக்காய் ஸ்டோர் இருக்கும். பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, ஐம்பது டிகிரியை ஒட்டிய சூட்டில், ஏறத்தாழ ஒரு நாள் பொழுது உலர்த்துவார்கள். சூடு கூடினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காய்க்கு ஏலத்தில் விலை கிடையாது. அப்படி ஒரு ஸ்டோருக்கு, வெப்பநிலையைப் பார்த்து விசிறியை ஓட்டி நிறுத்தும் பெட்டி ஒன்று செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். மைக்ரோகன்ட்ரோலரில், அதாவது சென்சாரைப் படித்து மோட்டார், விளக்கு போன்றவற்றை இயக்கும் ஒற்றைச் சிப் கணினியில், நான் செய்த முதல் கூலி வேலை அது.

ஒரு காணொளியைப் பார்த்து டிஎச்டி11 சென்சாரை வாங்கினேன், அதில் காட்டியபடியே இணைத்தேன், அதில் இருந்த நிரலை அப்படியே ஏற்றினேன். என் வீட்டு மேசையில் அருமையாக வேலை செய்தது. ஸ்டோரில் இரவு பத்து மணிக்கு மேல் சூடு ஏற ஏற, பெட்டி ஓர் எண்ணைக் காட்டியது, பக்கத்தில் தொங்கிய கண்ணாடி வெப்பமானி வேறோர் எண்ணைக் காட்டியது. விடியும்வரை ஸ்டோர்க்காரரோடு உட்கார்ந்து விசிறியைக் கையால் போட்டு நிறுத்தினோம். மறுநாள் கம்பத்துக்கு இறங்கிவந்துதான் அந்தச் சென்சாரின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் எழுதிய தொழில்நுட்ப விவர ஆவணத்தை, முதல்முறையாகத் திறந்தேன். அது அளக்கும் எல்லை 0 முதல் 50 டிகிரி வரை, துல்லியம் இரண்டு டிகிரி முன்பின் என்று தொடக்கப் பக்கங்களிலேயே போட்டிருந்தது.

காணொளி போட்டவர் மேல் தவறில்லை. அவர் அறை வெப்பநிலையை அளக்கத்தான் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பாடத்தை எதற்கு நம்பலாம் என்பது எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. இன்று கூடலூரிலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வருகிற பையன்களும் பெண்பிள்ளைகளும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எந்தச் சேனலப் பாத்துப் படிக்கலாம்?" என்பதுதான். ஒரே ஒரு பெயரைச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை. சிப்பைச் செய்தவர்கள் எழுதிய ஆவணத்தைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் இடத்துக்கு ஒருவரைக் கொண்டுபோய் விடுகிற பாடம் எதுவோ, அதுவே நல்ல பாடம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அங்கே போவதற்கான வழிதான்.

முதல் படி: செய்யப்போகும் பொருளை முடிவு செய்யுங்கள்

"மைக்ரோகன்ட்ரோலர் கற்க வேண்டும்" என்று தேடினால் ஆயிரம் பாடங்கள் வந்து கொட்டும். "தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் மோட்டார் நிற்க வேண்டும்" என்று தேடினால் பத்துதான் வரும், அந்தப் பத்தையும் எடைபோட முடியும். ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: எதை அளக்க வேண்டும், எதை இயக்க வேண்டும், யாருக்குத் தகவல் போக வேண்டும்.

அந்த வாக்கியமே சிப்பையும் சொல்லிவிடும். ஒரு சென்சார், ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்), ஒரு சின்னத் திரை போதுமென்றால் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற போர்டு. அதிலிருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் நிரலை வைக்க 32 கிலோபைட் ஃபிளாஷும், ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகமாக 2 கிலோபைட் ராமும்தான் உண்டு, ஆனால் தொடங்குகிறவருக்கு அது தாராளம். ஸ்டோரின் சூடு கீழே வீட்டிலிருக்கும் முதலாளியின் போனுக்கு வர வேண்டுமென்றால் வைஃபை உள்ள இஎஸ்பி32. சிப்பின் உள்ளமைப்பை ஆழமாகப் படிக்க ஆசையென்றால் 2021இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ. அதன் ஆர்பி2040 சிப்புக்கான டேட்டாஷீட் அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும். ஆனாலும் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதியிருக்கிறார்கள், நான் மிகவும் மதிக்கும் ஆவணம் அது. எஸ்டிஎம்32 வேலைவாய்ப்புக்கு நல்லது, ஆனால் அதை இரண்டாவது சிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிடெக்னிக்கிலும் பொறியியல் கல்லூரியிலும் படிப்பவர்கள் 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் பாடத்தைப் பழசு என்று தள்ளிவிட வேண்டாம். இன்டெல் அதை வெளியிட்டது 1980இல், உள்ளே இருப்பது 128 பைட் ராம். ஆனால் டைமர் (நேரம் எண்ணும் பகுதி), இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைமறிக்கும் அழைப்பு), ரிஜிஸ்டர் (சிப்பின் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் நினைவிடம்) என்று அதில் படிக்கிற ஒவ்வொன்றும் இன்றைய சிப்பிலும் வேறு பெயரில் இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்ததைக் கையில் ஒரு போர்டோடு திரும்பப் படித்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: பாடத்துக்கு முன்பே ஆவணங்களை இறக்கி வையுங்கள்

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் சிக்னல் நிற்காது. அதனால் எனக்கு வந்த பழக்கம் இது: எந்தப் போர்டை வாங்கினாலும் அன்றே அதன் ஆவணங்களைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து போனில் இறக்கி ஒரு கோப்புறையில் போட்டுவிடுவேன். நான்கு ஆவணங்கள் வேண்டும்.

சிப்பின் டேட்டாஷீட் ஒன்று. சில நிறுவனங்கள் மின் அளவுகளை டேட்டாஷீட்டிலும் ரிஜிஸ்டர் விளக்கங்களை ரெஃபரன்ஸ் மேனுவல் என்ற தனி நூலிலும் பிரித்து வைத்திருக்கும். எஸ்டிஎம்32எஃப்103க்கு அந்த மேனுவல் மட்டும் ஆயிரம் பக்கத்துக்கு மேல். இது தெரியாமல் டேட்டாஷீட்டில் ரிஜிஸ்டரைத் தேடிக் களைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்தது போர்டின் சர்க்கிட் வரைபடம். பிறகு எர்ராட்டா, அதாவது சிப்பில் தாங்களே கண்டுபிடித்த பிழைகளைத் தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டு எழுதிய பட்டியல். 2024இல் வந்த ஆர்பி2350 சிப்பின் முதல் பதிப்பில், உள்ளே இருக்கும் புல்-டவுன் (உள்ளீட்டைப் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) சரியாக வேலை செய்யாத ஒரு பிழை உண்டு. பட்டியலில் இ9 என்று குறித்திருக்கிறார்கள். அதைப் படிக்காதவர் தன் நிரலில்தான் தவறு என்று நினைத்து ஒரு வாரம் தேடுவார்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள், சிப்பின் எண்ணைப் பாருங்கள். ஊனோ ஆர்3யும் 2023இல் வந்த ஊனோ ஆர்4ம் பார்க்க ஒரே வடிவம். உள்ளே இருப்பது முற்றிலும் வேறு சிப். ஆர்3யின் ஒரு பின் (இணைப்புக் கால்) 20 மில்லி ஆம்பியர் வரை தாராளமாகத் தரும். ஆர்4க்கு எல்லையே 8 மில்லி ஆம்பியர்தான். பழைய பாடத்தில் சொன்னபடி 220 ஓம் ரெசிஸ்டரோடு சிவப்பு எல்இடியை 5 வோல்ட்டில் இணைத்தால் 13 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடும். பழைய பாடம் பொய் சொல்லவில்லை, அது வேறு போர்டுக்கான பாடம்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

நம் எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வரம் இருக்கிறது, பலர் அதைக் கவனிப்பதில்லை. கேரள அரசு இடுக்கி, பாலக்காடு மாவட்டத் தமிழ்வழிப் பள்ளிகளுக்காகப் பாடநூல்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. 2025 முதல் பத்தாம் வகுப்பு தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் ரோபாட்டிக்ஸ் எல்லோருக்கும் வந்துவிட்டது, அந்த நூல் தமிழிலும் உண்டு. கைட் என்னும் கேரள அரசு நிறுவனம் பள்ளிகளுக்குக் கொடுத்த பெட்டியில் ஆர்டுயினோ ஊனோ, எல்இடி, சின்ன செர்வோ மோட்டார், ஒளி சென்சார், பஸர், பிரெட்போர்டு எல்லாம் இருக்கின்றன. பீர்மேட்டிலோ தேவிகுளத்திலோ சொந்தக்காரப் பிள்ளைகள் படித்தால் அந்த நூலை வாங்கிப் பாருங்கள். கலைச்சொல்லுக்கு அஞ்சுகிறவர்கள் தொடங்க அதைவிட எளிய வாசல் இல்லை.

மலையாளம் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு மலையாளக் காணொளிகளும் திறந்தே கிடக்கின்றன. ரெசிஸ்டர் அங்கேயும் ரெசிஸ்டர்தான். தமிழில் ஒரு விஷயம் பிடிபடவில்லையென்றால் அதையே மலையாளத்தில் இன்னொருவர் சொல்லிக் கேளுங்கள். வேறொரு கோணத்தில் சொல்லும்போது முடிச்சு அவிழும். ஆந்திர எல்லையில் திருத்தணி, குடியாத்தம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெலுங்கும் அப்படியே.

முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டம் இருக்கிறது. மைக்ரோபிராசசர், மைக்ரோகன்ட்ரோலர், எம்பெடட் சிஸ்டம் என்று தனித்தனிப் பாடத்தொடர்கள் உண்டு. பார்ப்பதற்குக் காசில்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: அவை வகுப்பறை வேகத்தில் போகும். கையில் போர்டு இல்லாமல் பார்த்தால் மூன்றாவது வாரத்தில் ஆர்வம் வற்றிவிடும். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் வேறு மாதிரி. பத்து நிமிட அளவில் திரையைக் காட்டிக்கொண்டே, பார்ப்பவரும் கூடவே செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். ஆர்டுயினோவுக்கும் தொடர் உண்டு. அந்தத் திட்டத்தின் பல தொடர்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன.

சி மொழி தெரியாதவர்கள் அதற்காக ஆறு மாதம் ஒதுக்க வேண்டாம். மாறி, நிபந்தனை, சுழற்சி, செயற்கூறு இவ்வளவு தெரிந்தால் போர்டைத் தொடலாம். பாயின்டரும் பிட் கணக்கும் வேலையின் நடுவே தேவைப்படும்போது ஏறிக்கொள்ளும். பிட் கணக்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஒரு பைட்டில் ஐந்தாம் பிட்டை மட்டும் ஒன்றாக்குவது எப்படி என்று தாளில் போட்டுப் பழகாதவருக்கு டேட்டாஷீட் கடைசிவரை பூட்டிய வீடுதான்.

நான்காம் படி: பத்தே நிமிடத்தில் ஒரு பாடத்தை எடைபோடுவது

இந்தப் படியில்தான் அதிகம் நிற்க வேண்டும். ஒரு காணொளியோ கட்டுரையோ கட்டணப் படிப்போ, முழுதாகப் பார்க்கும் முன் நான் தேடுகிற அடையாளங்கள் சில உண்டு.

முதலில் சர்க்கிட்டைப் பார்ப்பேன். எல்இடியை ரெசிஸ்டர் இல்லாமல் பின்னோடு நேராக இணைத்திருந்தால் அங்கேயே மூடிவிடுவேன். ரிலேயின் காயிலை (உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை) நேரடியாகப் பின்னோடு இணைத்திருந்தாலும் அப்படித்தான். 5 வோல்ட் சிறு ரிலே எழுபது மில்லி ஆம்பியர் போல இழுக்கும். அதற்கு டிரான்சிஸ்டர் ஒன்றும், காயில் அணையும்போது எழும் மின் எழுச்சியை வாங்கிக்கொள்ள டையோடு ஒன்றும் வேண்டும். இதைச் சொல்லாத ஆசிரியர் டேட்டாஷீட்டைத் திறக்காதவர். 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32இன் பின்னுக்கு 5 வோல்ட் சென்சாரை எச்சரிக்கை இல்லாமல் கோத்துக் காட்டுகிறவரையும் விட்டுவிடுங்கள். 230 வோல்ட்டைத் தொடும் பாடத்தில் காப்பு, ஃபியூஸ், பெட்டி மூடுவது பற்றிப் பேச்சே இல்லையென்றால் அது ஆபத்தான பாடம். மழைக்காலத்தில் ஸ்டோர் தரை எப்போதும் ஈரமாக இருக்கும், அங்கே இது உயிர்ப் பிரச்சினை.

அடுத்து நிரலில் நேரத்தை எப்படிக் கையாளுகிறார் என்று பார்ப்பேன். முதல் பாடத்தில் டிலே, அதாவது குறிப்பிட்ட நேரம் சும்மா காத்திருக்கும் கட்டளை, போட்டு விளக்கை மினுக்கினால் குற்றமில்லை. பத்தாவது பாடத்திலும் டிலேதான் என்றால் அந்தத் தொடர் உங்களை வளர்க்காது. டிலே ஓடும்போது போர்டு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது, பொத்தானை அழுத்தினாலும் கேட்காது. போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்லும் மில்லிஸ் கட்டளையை வைத்து, போன தடவை செய்த நேரத்தை இப்போதைய நேரத்திலிருந்து கழித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைக் குறியற்ற 32 பிட் மாறியில் வைக்கச் சொல்கிறாரா என்றும் பாருங்கள். ஊனோ ஆர்3யில் சாதாரண இன்ட் (முழு எண் மாறி) 32,767 வரைதான் தாங்கும், அதாவது முப்பத்திரண்டு விநாடியில் கணக்கு புரண்டுவிடும். மில்லிஸ்கூட ஏறத்தாழ ஐம்பதாவது நாள் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். கழித்துப் பார்க்கும் முறையில் எழுதியிருந்தால் அன்றும் பெட்டி தடுமாறாது. இதையெல்லாம் ஒருவர் தானாகவே எடுத்துச் சொன்னால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாடத்தின் தேதியையும் பாருங்கள். 2024இல் இஎஸ்பி32க்கான ஆர்டுயினோ தொகுப்பின் மூன்றாம் பதிப்பு வந்தது. விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்க அதுவரை எழுதிவந்த இரண்டு கட்டளைகளை அதில் எடுத்துவிட்டு, அவற்றின் இடத்தில் ஒன்றை வைத்தார்கள். அந்தப் பழைய கட்டளைகள் உள்ள நிரலை அப்படியே ஏற்றினால் பிழைதான் வரும். பழைய பாடம் வேண்டாம் என்றில்லை. ஆசிரியர் எந்தப் பதிப்பில் செய்தார் என்று எழுதி வைத்திருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. பாடத்தில் எங்காவது எதிர்பாராதது நடந்து, அதை ஆசிரியர் எப்படித் தேடிக் கண்டுபிடித்தார் என்று காட்டுகிறாரா? மல்டிமீட்டரை எடுக்கிறாரா? எல்லாம் முதல் தடவையே சரியாக ஓடுகிற காணொளியில் முடிவைத்தான் பார்க்கிறோம். தேடும் முறையைக் காட்டுகிறவரிடம்தான் தொழிலைக் கற்கிறோம்.

ஐந்தாம் படி: காசு போடும் முன் உலாவியில் ஓட்டிப் பாருங்கள்

வோக்வி என்ற தளத்தில் ஊனோ, இஎஸ்பி32, பிக்கோ ஆகியவற்றுக்கு உலாவியிலேயே சர்க்கிட் போட்டு நிரலை ஓட்டிப் பார்க்கலாம். டிங்கர்கேடிலும் ஊனோ உண்டு, சின்னப் பிள்ளைகளுக்கு அது எளிது. பாடத்தில் சொன்னதை அங்கே ஓட்டி, பிறகு வேண்டுமென்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். என்ன ஆகுமென்று முன்னாலேயே சொல்ல முடிந்தால் பாடம் ஏறிவிட்டது. ஆனால் பொத்தானின் அதிர்வு, மோட்டார் கிளம்பும்போது விழும் வோல்டேஜ், நீளமான ஒயரில் ஏறும் இரைச்சல் ஆகியவற்றை இந்த இடங்களில் நம்பிக் கற்க முடியாது. ஒரு மாதத்துக்குள் உண்மையான போர்டுக்கு வந்துவிடுங்கள். கூடவே ஒரு மல்டிமீட்டர் கட்டாயம். முப்பது சென்சார் உள்ள பெட்டி வேண்டாம், நீங்கள் தாளில் எழுதிய வாக்கியத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

ஆறாம் படி: டேட்டாஷீட்டை எந்த வரிசையில் படிப்பது

ஆங்கிலம், அதுவும் சில நூறு பக்கம் என்று மலைக்க வேண்டாம். நாவலைப் போல முதல் பக்கத்திலிருந்து யாரும் படிப்பதில்லை. முதல் பக்கத்துச் சிறப்புப் பட்டியல், பின்களின் படம், மின் எல்லை அட்டவணை, பிறகு உங்களுக்கு வேண்டிய ஒரே ஓர் அத்தியாயம். வாக்கியங்களின் அமைப்பு திரும்பத் திரும்ப வரும். இருநூறு சொல் பழகினால் பெரும்பகுதி புரியும். நான் ஒரு நோட்டில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழில் அதன் வேலை என்று எழுதி வந்தேன்.

அட்டவணையில் இரண்டு வகை எல்லை இருக்கும். ஒன்று, தாண்டினால் சிப்பே போய்விடும் எல்லை. மற்றது, இதற்குள் வைத்து ஓட்டுங்கள் என்று சொல்லும் எல்லை. ஏடிமெகா328பியின் பின்னுக்கு 40 மில்லி ஆம்பியர் என்று பல பாடங்களில் பார்ப்பீர்கள். அது முதல் வகை எல்லை. அதை நம்பிப் பெட்டி செய்வது, பாலத்தில் எழுதிய அதிகபட்ச எடையை லாரியில் தினமும் ஏற்றுவது போல.

இனி ஒரு முழுப் பயிற்சி. டிஎச்டி11ஐக் கழற்றிவிட்டு அந்த ஸ்டோருக்கு டிஎஸ்18பி20 போட்டேன். மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை அளக்கும், மைனஸ் 10 முதல் 85 வரை அரை டிகிரித் துல்லியம். உலர்த்தும் சூட்டுக்குப் பொருத்தம். எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது திடீரென்று 85 என்று காட்டும், உடனே அபாய மணி அடிக்கும். சென்சார் கெட்டது என்று மாற்றினேன், ஒயரை மாற்றினேன். விடை டேட்டாஷீட்டில் இருந்தது: சென்சாருக்கு மின்சாரம் வந்தவுடன் அதன் வெப்பநிலை ரிஜிஸ்டரில் இருக்கும் தொடக்க மதிப்பே 85 டிகிரி. 12 பிட் துல்லியத்தில் ஓர் அளவை எடுத்து முடிக்க அதற்கு 750 மில்லி விநாடி வரை வேண்டும். மின்சாரம் வந்த பிறகு, அல்லது நடுவில் விட்டு வந்த பிறகு, அது முதல் அளவை முடிக்கும் முன் கேட்டால் அந்த 85தான் கிடைக்கும். என் ஒயரின் இணைப்பு ஒன்று தளர்ந்து, விசிறி அதிரும்போதெல்லாம் மின்சாரம் விட்டுவிட்டு வந்திருக்கிறது. திருகை இறுக்கி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அளக்கச் சொன்ன பிறகு முழு நேரம் காத்திருந்து படிக்கும்படி நிரலை மாற்றினேன். மணி அடங்கியது.

இந்தச் சென்சாரின் டேட்டாஷீட் இருபது பக்கம் அளவுதான். அதனால் யார் வந்து கேட்டாலும் முதலில் படிக்க இதையே கொடுக்கிறேன். படித்துவிட்டு மூன்று கேள்விக்கு விடை எழுதி வரச் சொல்வேன்: ஏன் 85, ஏன் 750, ஏன் அந்த ரெசிஸ்டர்.

ஏழாம் படி: லைப்ரரியையும் பாடமாக்குங்கள்

லைப்ரரி என்பது பிறர் முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு. அதோடு வரும் எடுத்துக்காட்டு நிரல்கள்தான் பெரும்பாலும் அதன் சரியான பாடம், காணொளிக்கு முன் அவற்றைத் திறந்து பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பயனர்கள் சொன்ன பிழைகளுக்குப் பதில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஒருநாள் அதன் உட்கோப்பைத் திறந்து, டேட்டாஷீட்டில் படித்த நேர அளவு அங்கே எந்த வரியில் இருக்கிறது என்று தேடுங்கள். டிஎஸ்18பி20 லைப்ரரிக்குள் அந்த 750ஐ நானே கண்டுபிடித்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எட்டாம் படி: கேட்கும் முறை

மாட்டிக்கொண்டால் கேட்கத்தான் வேண்டும். "ஒர்க் ஆகலண்ணே" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. சிப்பின் எண், இணைப்பின் படம், நிரலின் மிகச் சிறிய வடிவம், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, மல்டிமீட்டரில் எவ்வளவு வோல்ட் காட்டியது, இவற்றை எழுதிக் கேளுங்கள். பாதி நேரம் எழுதும்போதே விடை தெரிந்துவிடும்.

இப்போது பலரும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கிறார்கள். தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விளக்கம் பெற முடிவது பெரிய வசதி, டேட்டாஷீட்டின் கடினமான பத்தியைப் புரிந்துகொள்ள நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் ரிஜிஸ்டர் பெயரையும் பின் எண்ணையும் அது தயங்காமல் தவறாகச் சொல்லும். இஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே, அவற்றால் ரிலேயை இயக்க முடியாது. வைஃபை ஓடும்போது இரண்டாம் ஏடிசி (வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி) பிரிவின் பின்களில் அளவெடுக்க நம்ப முடியாது. இந்த இரண்டையும் மீறிய நிரல் அதனிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அது சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் இறக்கி வைத்த ஆவணத்தில் தேடிப் பார்த்த பிறகே ஒயரைத் தொடுங்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்கிறவர்களுக்கு: மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் முதல் மாதம் உலாவியிலும் தமிழ்ப் பாடங்களிலும் போகும். இரண்டாம் மாதம் போர்டும் மல்டிமீட்டரும். மூன்றாம் மாதம் ஒரே ஒரு டேட்டாஷீட், ஒரே ஒரு லைப்ரரியின் உட்கோப்பு. அதற்குப் பிறகு, நான் முதலில் செய்த பயிற்சியை நீங்களும் செய்து பாருங்கள்: ஊனோ ஆர்3யின் 13ஆம் பின்னில் இருக்கும் விளக்கை ஆர்டுயினோ கட்டளைகள் எதையும் தொடாமல், போர்ட் பி என்ற பின் தொகுதியின் ஐந்தாம் பிட்டை மட்டும் மாற்றி எரிய வையுங்கள். அதற்கு எந்தக் காணொளியையும் தேடாதீர்கள். டேட்டாஷீட்டில் உள்ளீடு வெளியீட்டுப் போர்ட்டுகள் என்ற அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.